எபிடோம்

ஒரு நாளைக்குப் பத்துச் சொல்.
பில் ரோல் முடியும் இடத்தில் சிவப்புக் கோடு விழும்.
அதற்குப் பிறகு வரும் ஒரு சாண் தாளை
மனேஜர் திரும்புமுன் கிழித்து
முதுகில் எழுதுவேன்.
இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள்.

யுபிகுய்ட்டஸ்: எங்கும் நிறைந்த.
கோயிலில் கடவுளுக்குச் சொல்வது,
எங்கள் கடையில் பொலித்தீன் பைக்கு.

ரெட்டிசன்ட்: மனதிலுள்ளதைச் சொல்லத் தயங்குகிற.
தினமும் ஏழரைக்கு ஒரே ஒரு யோகட் வாங்கி
மிச்சக் காசை எண்ணாமல் போகிறவர்.

எக்ஸோர்பிட்டன்ட்: அளவுக்கு மீறிய விலை.
உதாரணங்களுக்குத் தாள் போதாது.
கரட் என்று மட்டும் எழுதினேன்.

பக்கத்துக் கவுண்டர் ரிஸ்மியா கேட்டாள்,
இவ்வளவையும் எங்கேயடி வைக்கிறாய்?
சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் என்றேன்.
அவள் தலையைக் கேட்டிருந்தாள் போல.

அறுநூற்றுப் பதினான்கு சொற்கள்.
ஒன்றைக்கூட ஒருவரும்
என் காதுபடச் சொன்னதில்லை.

நேர்முகம் கோட்டையில்,
கண்ணாடிக் கட்டடத்தின் இருபத்திரண்டாம் மாடியில்.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகக் கிரேன்கள்
யாரோ மறந்து விட்டுப்போன கேள்விக்குறிகளாய்.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
இப்போதைய வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள்.
சம்பள நாள் மாலையில் வரிசை
பால்மா இறாக்கை வரை நீளும்போது
எங்கள் கவுண்டர்தான் பொறுமையின் முழு வடிவம்
என்று சொல்ல வந்தேன்.
நாலு மாதம் பொத்திவைத்த சொல்லை எடுத்தேன்.

எபிடோம்.

நடுவில் இருந்த பெண் மெதுவாக
எபிட்டமி, என்றாள்.
கேலி இல்லை. சட்டையில் ஒட்டிய நூலை
எடுத்து விடுகிற மாதிரி.
நன்றி சொன்னேன்.
நன்றி என்ற சொல் என் பட்டியலில் இல்லை,
அதனால் சரியாக வந்தது.

லிஃப்டில் நான் மட்டும்தான்.
மாடிக்கு மாடி ஒவ்வொரு சொல்லாக ஏறிக்கொண்டது.
நான்? நானும் பிழையா? என்று கேட்டது.
தெரியாது என்றேன்.
எழுத்து எழுத்தாய்த் தெரியும் உங்களை எல்லாம்,
முகம் தெரியும்,
குரல் தெரியாது.

நூறாம் இலக்க பஸ். தூறல்.
மிதிபலகையில் ஒற்றைக் காலில் நின்றபடி நடத்துனர்
கொள்ளுப்பிட்டி பம்பலப்பிட்டி வெள்ளவத்த தெஹிவல
என்று ஒரே மூச்சில்
காலி வீதி முழுவதையும் வாயால் இழுத்து வந்தான்.

பம்பலப்பிட்டி.
எழுதிப் பார்த்தால் எல்லாம் ஒரே ப.
முதலாவது தொண்டை அதிர வரும்,
கடைசியில் வருவது உதடு வெடித்து வரும்.
எது எது என்று எழுத்து சொல்வதில்லை.
பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு
ஒருவரும் எனக்கு மார்க்ஸ் போடவில்லை.
ஜன்னல் கம்பியைப் பிடிக்க எட்டிய வயதிலிருந்து
என் தலைக்கு மேலால் அந்தப் பெயரைக்
கத்திக்கொண்டே இருந்தார்கள்,
அவ்வளவுதான்.

ஒரு சொல்லுக்கு ஒரு கண்டக்டர் வேண்டும்.

கொஹெத நங்கி? என்றான்.
தெஹிவல என்றேன்.
கிழித்துத் தந்த டிக்கெட்டின் பின்புறம் வெள்ளையாய் இருந்தது.
முதல் தடவையாகத் தமிழ் எழுத்தில் எழுதினேன்,
எபிட்டமி.
பஸ் குலுங்கியதில் மி-யின் கொம்பு
ஓரம் தாண்டி என் விரலில் ஏறியது.
மெல்லச் சொன்னேன். பக்கத்திலிருந்தவர் திரும்பினார்.
இன்னும் கொஞ்சம் சத்தமாய்.
வெள்ளவத்தையில் இரண்டு தரம்,
பாலத்தில் ஒரு தரம்.

எனக்கு வேலை தருவார்களா தெரியாது.
மற்ற அறுநூற்றுப் பதின்மூன்றையும்
யாரிடம் கேட்பது? ரிஸ்மியாவுக்கும் தெரியாது.

கல்கிசையில்தான் இறங்கினேன்.
என்னுடைய ஹோல்ட்டை நடத்துனர் மூன்று முறை கத்தினானாம்.
எனக்குக் கேட்கவில்லை.